சித்தி முகாமுக்குப் போன நாள்

சித்தி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. முற்றிய பிறகுதான் கொண்டுவந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆனால் அதற்கு முன்பே ஒருமுறை அவள் காட்டப் போயிருந்தாள். கூடப் போனவள் நான்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் சித்திக்குப் பால்வெட்டு வேலை. சித்தப்பா சவுதியில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் சுகாதார நிலையத்து நர்சம்மா தோட்டத்துக்கே வந்து அவளிடம் தணிந்த குரலில் பேசினார்.

"இடையில ரத்தம் படுதுன்னா சும்மா இருக்கப்பிடாது. பள்ளிக்கூடத்துல முகாம் வருது. வலிக்காத சோதனைதான், வந்துருங்க."

முகாமன்று சித்தி பால்வெட்டைச் சீக்கிரம் முடித்து, குளித்து, நல்ல சேலை உடுத்தி, எனக்கும் தலைசீவிவிட்டாள். ஏதோ கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நினைத்தேன்.

வகுப்பறை வாசலில் போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வெளியே பெண்களின் வரிசை. முன்னால் நின்ற பக்கத்து வீட்டு மாமி திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, மாப்பிள இல்லாதவளுக்கு இங்க என்னட்டி சோலி?"

வரிசையே சிரித்தது. சித்தியும் சிரித்தாள்.

"பிள்ளைக்கு வயிறு வலிக்குன்னு சொல்லுதா. காட்டதுக்காக்கும் வந்தேன்."

எனக்கு ஒரு வலியும் இல்லை. நான் வாயைத் திறக்குமுன் சித்தி என் கையை இறுக்கினாள். பக்கத்து அறையில் டாக்டர் வயிற்றை அமுக்கியபோது, முடிந்தமட்டும் முனகி வைத்தேன். பூச்சி மாத்திரை கிடைத்தது. திரும்பும்போது நர்சம்மா சித்தியிடம், "நீங்க உள்ள வரலியா?" என்றார். மாமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வாசல் தெரிகிற ரோட்டு வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். போகலாம் என்று நச்சரித்தேன். "கொஞ்சம் இரி மக்கா" என்றாள். பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மாமிதான் வாசலில் நின்று யாருடனோ வெகுநேரம் கதை பேசிவிட்டுக் கடைசியாகப் போனாள். சித்தி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். நாலடி வைப்பதற்குள் முகாம் வேன் வெளியே வந்துவிட்டது.

எங்களைக் கடந்தபோது நான் உற்சாகமாகக் கையசைத்தேன். சித்தியும் கையைத் தூக்கினாள். உள்ளேயிருந்த நர்சம்மா சிரித்தபடி எங்கள் இருவருக்கும் கையசைத்துவிட்டுப் போனார். சித்தியும் டாட்டா காட்டுகிறாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன்.