இடது பக்கம் வந்த பூனைகள்

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் மழைக்கு ஒதுங்கிய சாப்பாட்டுக் கடையில், ஒரு லோரிக்காரர் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வலது கை மட்டும் வெயிலில் கறுத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து மிருகப் படம் போட்ட சீட்டுக்கட்டை எடுத்தார்.

“விளாடுவோமா பாஸ்? ரொம்ப ஈசி லா. கையில உள்ளதுல ஒன்ன எடுத்து வச்சிக்கிட்டு, மிச்சத்த இடது பக்கம் குடுத்திரணும். ஒரே மிருகம் சேரச் சேர பாயின்ட் ஏறும்.”

அவருக்கு இடது பக்கம் நான், எனக்கு அடுத்து என் மனைவி. நான் ஒரு பூனையை எடுத்து வைத்தேன். அதன்பிறகு அவரிடமிருந்து பூனையாகவே வந்தது. அவர் முன்னாலோ சீட்டுகள் மிருகத்துக்கு ஒன்றாக, எதுவும் ஜோடி சேராமல் கிடந்தன.

“அங்கிள், நல்ல சீட்டையெல்லாம் ஏன் இவருக்கே தள்ளுறீங்க?” என்றாள் என் மனைவி.

தன் கையைப் பார்த்துச் சிரித்தார். “என் மக எப்பவும் இந்தப் பக்கந்தான் உக்காருவா. பூனைன்னா அவளுக்கு உசுரு. கல்யாணம் கட்டி ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போயிட்டா. கைக்கு அது இன்னும் தெரியல லா.”

மழை விட்டதும் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டத்தில் ஜெயித்தது நான். ஆனால் என் முன்னால் கிடந்த அத்தனை பூனைகளும், நான் பார்த்தே இராத ஒருத்திக்கு அவர் கொடுத்தவை.