கடதாசியைச் சுடுகிறவன்

இந்த நாட்டில் துவக்கு விற்கிற கடையில் பிள்ளைகளின் பனிச்சறுக்குச் சப்பாத்தும் விற்கிறார்கள். தூண்டில், கூடாரம், மழைச்சட்டை, அதற்குப் பக்கத்துத் தட்டில் துவக்கு. குளிர்காலச் சப்பாத்து வாங்கப் போன ஒரு சனிக்கிழமை, நீளமான மட்டைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு கிழவர் எனக்காகக் கதவைப் பிடித்தபடி நின்று "பொன்ஜூர்" என்றார். பெட்டியின் மேல் துவக்கின் படம் இருந்தது. ஊரில் அப்படியொரு படம் வீட்டில் கிடந்தாலே ஆளைக் கொண்டுபோயிருப்பார்கள். நான் "மெர்சி" சொல்லவும் மறந்து, இரண்டு கைகளையும் சட்டைப் பைகளிலிருந்து எடுத்து அவருக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று மன்னாரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிழவருக்குச் சொன்னாலும் விளங்காது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவன். மொன்றியலில் கதவு செய்கிற ஒரு தொழிற்சாலையில் மரத்தைத் தேய்த்து மழமழப்பாக்குவது என் வேலை. எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துப்போகும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் என் பக்கத்து மேசை ரெஜானுடையது. கர்க்லாண்டில் வீடு. பட்டாளங்கள் பழசென்று கழித்துவிட்ட துவக்குகளை வாங்கிச் சேர்ப்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைக் கொண்டுபோய்ச் சுடுவதும் அவனுடைய பொழுதுபோக்கு. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படங்களை மேசை முழுக்கப் பரப்புவான். குரலைத் தாழ்த்தவே மாட்டான். முதலில் எனக்கு அது பயமாக இருந்தது. பிறகு படங்களில் இருந்த மரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு துவக்கிலும் வேறு வேறு நிறத்தில், பல கைகள் பிடித்துப் பிடித்து மினுங்கிய மரம். நான் பார்ப்பதை அவன் பார்த்திருக்கவேண்டும். ஒரு நாள் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனான்.

நிலக்கீழ் அறையில் சுவரோடு சுவராக நிறுத்தியிருந்தான். ரஷ்யத் துவக்கு, சுவீடன் துவக்கு, ஆங்கிலேயத் துவக்கு. ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. எங்கோ ஒரு களஞ்சியத்தில் எத்தனையோ வருடம் படுத்திருந்தது, மேலெல்லாம் மண்ணிறக் கிறீஸ் அப்பிக் கிடந்தது. அதைத் தாண்டி இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தான். அதை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் த்ரீ நோட் த்ரீ.

நான் பொடியனாக இருந்தபோது, மீன் சந்தைக்கு முன்னால் நிற்கிற பொலிஸ்காரனின் தோளில் அது தொங்கும். அப்போது அதற்கு யாரும் பயப்பட்டதில்லை. பிறகு வந்த காலத்தில் அதைவிடப் புதிய துவக்குகள் வந்தன, இதுவும் இருந்தது. ஒரு சுற்றிவளைப்பின்போது எங்களைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வெயிலில் இருத்தி வைத்திருந்தார்கள். ஒரு காவல்காரன் வரிசையாக வந்து இதே துவக்கின் வாயால் ஒவ்வொருவனுடைய நாடியையும் உயர்த்தி முகம் பார்த்தான். என்னுடையதை உயர்த்தியபோது துவக்கின் வாயை என் நெஞ்சில் ஊன்றிக்கொண்டு யோசித்தான். என்ன யோசித்தானோ தெரியாது. பிறகு அடுத்த ஆளிடம் போனான். அவர்கள் கொண்டுபோன அந்த அடுத்த ஆள் திரும்பி வரவில்லை.

ரெஜான் கேட்டான், "இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சுட்டிருக்கிறாயா?"

"இல்லை."

"அப்படியென்றால் எப்படித் தெரியும்?"

அதற்கு என்னிடம் ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. என் நெஞ்சில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவனுடைய முகம் மலர்ந்துவிட்டது. தன் நெஞ்சையும் தட்டி, "முவா ஒசி! நானும்தான்!" என்றான். எனக்கு அந்தத் துவக்கில் காதல் என்று எடுத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. திருத்தியிருக்கவேண்டுமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஏனென்றால் பிறகு அவன் நினைத்ததுதான் உண்மையாகிப் போனது.

துவக்கின் வாயை மட்டும் பார்த்து வளர்ந்தவன் நான். அதன் பின்பக்கத்தைப் பார்த்தது இந்த நாட்டில்தான். மொன்றியல் தீவுக்கு வெளியே பழைய கல்லுடைத்த பள்ளம் ஒன்றில் ரெஜானுடைய சங்கத்துக்காரர்கள் சுடுவார்கள். தூரத்தில் மண்மேட்டுக்கு முன்னால் மரச்சட்டங்கள், சட்டங்களில் வட்டம் போட்ட கடதாசி. அங்கே போனால் காதுகளை மூடும் கவசம் போடவேண்டும். அதைப் போட்ட பிறகு ஒருவரும் ஒருவரோடும் கதைக்க முடியாது! இதைப் படிக்கிற கூச்சக்காரர் யாராவது இருந்தால் அவருக்கு விளங்கும், எனக்கு அது எப்படி இருந்தது என்று. தொழிற்சாலையில் பிரெஞ்சு, கடையில் ஆங்கிலம், கோயிலில் படித்தவர்களின் தமிழ், எல்லா இடத்திலும் நான் வாய் திறக்கப் பயந்த ஆள். இங்கே மூன்று நான்கு கட்டளைகள்தான். சுடலாம், நிறுத்து, துவக்கைத் திறந்து வைத்துவிட்டுப் பின்னால் வா. மூச்சைப் பாதி விட்டு, மிச்சத்தைப் பிடித்து, விரலை மெல்ல இழுத்தால், தோளில் ஒரு மாடு முட்டும். கடதாசியில் ஓர் ஓட்டை விழும். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை. ஒரு துவக்கு வெடித்து யாரும் சாகாமல் இருப்பதை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்.

எனக்கென்று ஒன்று வேண்டும் போலிருந்தது. அதற்கு வகுப்புக்குப் போகவேண்டும், சோதனை எழுதவேண்டும், பொலிசார் விசாரிப்பார்கள். ரெஜான் பக்கத்திலிருந்து எல்லாம் சொல்லித்தந்தான். மனைவிக்குச் சம்மதமா என்றும் இங்கே கேட்பார்கள். அதுதான் எனக்குப் பெரிய சோதனை. என் மனைவி பிலோமினாவின் தம்பியை ஊரில் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டவர்கள். கதவைத் திறந்தவள் அவள்.

நான் சொன்னதைக் கேட்டபடி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இஞ்ச வேற ஒரு சந்தோசமும் இல்லைத்தான்," என்றாள் பிறகு. "வாங்குங்கோ. ஆனா ஃபாதர் வந்து ஆசீர்வதிக்கவேணும். கார் வாங்கேக்க செய்தம். தையல் மெசினுக்குச் செய்தம். இதுக்கு எல்லாத்தையும்விடச் செய்யவேணும்."

எங்கள் கடற்கரைச் சனத்துக்கு அது வழக்கம். புதுவள்ளம், புதுவலை, புதுவீடு, எதுவும் தீர்த்தம் தெளிக்காமல் பாவிப்பதில்லை. அவள் கேட்டது எங்கள் இரண்டு பேருக்கும் சரியாகவே பட்டது. நாங்கள் விட்ட பிழை அதுதான். அனுமதி கிடைத்து நான் த்ரீ நோட் த்ரீ ஒன்றை வாங்கியதும், வில்லரேயில் இருக்கிற எங்கள் மாடிவீட்டுக்கு ஃபாதரை ஆசீர்வாதத்துக்கு அழைத்தோம். அவரோடு கோயில் சபைத் தலைவர் மரியதாஸ் அண்ணையும் வந்தார். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் நான் அலுமாரிப் பூட்டைத் திறந்து துவக்கை எடுத்து மேசையில் வைத்தேன். ஃபாதரின் கை சிலுவைக்குப் போனது.

"இது என்னத்துக்கு, அந்தோனி?"

"கடதாசியைச் சுட, ஃபாதர்."

மரியதாஸ் அண்ணை சிரித்தார். "கடதாசி உமக்கு என்ன கெடுதல் செய்தது?"

ஃபாதர் மெதுவாகச் சொன்னார், "துவக்கை ஆசீர்வதிக்கேலாது, அந்தோனி. நான் எத்தினை பேரை அடக்கம் செய்துபோட்டு இஞ்ச வந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"வலையை ஆசீர்வதிக்கிறீங்கள், ஃபாதர். அதுவும் உயிரைக் கொல்லுற சாமான்தானே," என்றாள் பிலோமினா.

"வலை போட்டு மனிசரைப் பிடிக்கிறேல்லைப் பிள்ளை," என்றார் மரியதாஸ் அண்ணை.

"மனிசரைப் பிடிக்கிறவராக்குவன் எண்டு வலை வீசினவையிட்ட ஆண்டவர்தானே அண்ணை சொன்னவர்!"

ஃபாதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மாட்டேன் என்றுதான் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அவர்கள் படியிறங்கிய பிறகு பிலோமினா சுவாமிப் படத்துக்குக் கீழே இருந்த தீர்த்தப் போத்தலை எடுத்துவந்து, துவக்கின் மேல் சிலுவை அடையாளமாக ஊற்றினாள். "இனி இது எங்கட வீட்டுச் சாமான்," என்றாள். "எனக்குக் கேக்கிற இடத்தில மட்டும் சுடாதேங்கோ." தீர்த்தத்தில் உப்புப் போட்டிருப்பார்கள். உப்புத்தண்ணீர் இரும்புக்கு நஞ்சு. அவள் குசினிக்குள் போகும்வரை காத்திருந்து, துடைத்து, எண்ணெய் போட்டேன்.

கதை அடுத்த ஞாயிறே கோயில் முழுக்கப் பரவிவிட்டது. அது ஊரில் சண்டை மறுபடியும் மூண்டிருந்த காலம், இங்கேயும் எங்கள் ஆட்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியிருந்த காலம். அந்தோனி எந்த இயக்கத்தில் இருந்தவன் என்று சிலர் ஆராய்ந்தார்கள். பொலிசோடு தொடர்பில்லாவிட்டால் துவக்குக் குடுப்பாங்களா என்று வேறு சிலர். பியர்பொன்ட்ஸிலிருந்து வருகிற ஒருவர் என்னை வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்துப்போய், "அண்ணை, உங்களைப்போல ஆக்கள்தான் இப்ப தேவை," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட்டுவிட்டு ஓடிவரலாம் போலிருந்தது. ஒருவர்கூட, நல்லாகச் சுடுகிறாயா, குறி பிசகாமல் படுகிறதா, என்று கேட்கவில்லை.

சுடுகிற இடத்தில் மட்டும் நிம்மதி மிஞ்சியது என்று நினைத்தேன். ரெஜானுக்கு என்மேல் பெருமை. காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கோப்பி குடிக்கிற நேரத்தில் தன் கூட்டாளிகளிடம், "இவன் யுத்தத்திலிருந்து வந்தவன்," என்றான். ஒரு தாடிக்காரன் கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குக் கிட்ட வந்தான். கண்கள் பளபளத்தன. "நீ எத்தனை பேரை..." என்று தொடங்கி விரலால் சுட்டுக் காட்டினான். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவன் ரெஜானைப் பார்த்துக் கண்ணடித்தான். இப்படிப்பட்டவர்கள் சொல்லமாட்டார்கள், எனக்குத் தெரியும், என்கிற கண்ணடிப்பு. அந்தத் தாடிக்காரனிடம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் துவக்கு இருக்கிறது. அவனிடம் யாராவது, நீ எந்த முகாமில் நின்றவன், என்று கேட்டார்களா? அவனுடைய துவக்கு சரித்திரம். என்னுடைய துவக்கு மட்டும் சாட்சி. அவர்கள் பழைய துவக்கை வைத்திருந்தால் ரசனை, நான் வைத்திருந்தால் ஆபத்து. இதை எங்கள் ஆட்களும் சொல்கிறார்கள், அவர்களும் சொல்கிறார்கள். ஒரு மனிதன் தன் நெஞ்சில் ஊன்றிய சாமானைத் திருப்பிப் பிடித்து, யாருக்கும் குறிவைக்காமல், மண்மேட்டில் வெடிக்கவைத்துச் சந்தோசப்படக் கூடாதா? அந்தச் சந்தோசத்துக்கு என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காகவும் இல்லை. மாதாவின் திருநாளுக்குக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சுருவத்தை, அதாவது மாதா சிலையை, ஒரு கூட்டில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவோம். கூட்டின் முன்பக்கத்து இடது தண்டு என்னுடையது, அது என் வலது தோளில் வரும். நான் மன்றாட்டு வாசிக்கமாட்டேன், பாடமாட்டேன், கூட்டங்களில் எழும்பிக் கதைக்கமாட்டேன். இந்தச் சபையில் எனக்கிருந்த ஒரே வேலை என் தோள்தான். திருநாளுக்கு முந்திய கிழமை மரியதாஸ் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்தோனி, குறை நினைக்காதையும். இந்தமுறை வேற ஒராள் தூக்கட்டும். சனம் கதைக்குது."

"என்ன கதைக்குது, அண்ணை?"

"அதை வித்துப்போட்டு வாருமன். எல்லாம் பழையபடி சரி வரும்."

என் வாய் அடைத்துப்போனது. பிலோமினா போனைப் பறித்து, "அவர் விக்கமாட்டார்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அழுதாள்.

திருநாளன்று அவள் பெண்களோடு செபமாலை சொல்லிக்கொண்டு போனாள். நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போய், எங்கே நிற்பதென்று தெரியாமல் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். அங்கே பியர் குடித்தபடி மடக்குக் கதிரையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் கதிரையைக் கொஞ்சம் இழுத்து எனக்கு நிழலில் இடம்விட்டார்.

"செ கி, லா தாம்?" என்று கேட்டார். யார் அந்தச் சீமாட்டி?

"மாதா," என்றேன்.

"உன்னுடைய ஆட்களா?"

ஓம் என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். அப்படியானால் நீ ஏன் என்னோடு நிற்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. குடிக்க ஒன்று வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

கூட்டை முதன்முதலாக வெளியே நின்று பார்த்தேன். எங்கள் பாட்டு இவ்வளவு சத்தமென்று எனக்குத் தெரியாது. என் இடத்தில் தூக்கியவர் என்னைவிடக் கட்டை. மாதா இடப்பக்கம் சரிந்து, விழப்போகிறவள்போல வந்துகொண்டிருந்தாள். பிலோமினா செபமாலையை உருட்டியபடி ஒருமுறை என் பக்கம் திரும்பினாள். தெருமுனையில் கூடு வளையத் தொடங்கியபோது அது இன்னும் சரிந்தது. நடைபாதையில், அந்த வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில், மேலே ஒன்றுமேயில்லாத என் வலது தோளை நான் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.