கேட்காமல் வைத்த இணைப்பு

ஆவுடையார்கோவிலிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கேசரியைத் தொடவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்தவன் நான். மனுவை நிராகரிக்கப்போகும் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெரும்பாலும் அது என் முகமாகவே இருந்திருக்கிறது.

"பொண்ணுக்கு ஏழுல செவ்வாய் இருக்குதுங்களே," என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. "பையனுக்குச் சுத்த ஜாதகம்."

என் மகள் ஆலங்குடியில் இயற்பியல் ஆசிரியை. வயது முப்பத்துமூன்று. இந்தப் பையனோடு இரண்டு மாதமாகப் போனில் பேசுகிறாள். பேசும்போது சிரிப்பாள். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

அவள் போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

"செவ்வாய்க்குப் பக்கத்துல போயி மொதல்ல படம் எடுத்த விண்கலத்தோடது மாமா. அங்கேருந்து வந்தது வெறும் நம்பருதான். கம்ப்யூட்டர் படம் வர்ற வரைக்கும் பொறுக்காம, நம்பர் தாளைச் செவுத்துல ஒட்டி, நம்பருக்கு ஒரு கலர்னு கையாலயே தீட்டிட்டாங்க. அடுத்தடுத்த படத்துல பாத்தா குழிதான். என் கல்யாணத்தைக் கெடுக்க அங்க ஆளே இல்ல."

"குழி ஆலங்குடி ரோட்டுலயுந்தான் கெடக்கு. வண்டி கவுறலையாம்மா?" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்களுக்கு இதுல பெருசா நம்பிக்கை கெடையாதுங்க. போட்டோ மட்டுந்தான் கேட்டோம். நீங்க ஜாதகமும் அனுப்பியிருந்தீங்க. வந்ததைப் பாக்காம இருக்க முடியுமா? பாத்தப்பறம் மனசு கேக்க மாட்டேங்குது."

அவர்கள் கார் கிளம்பியதும் மகள் கேட்டாள்.

"ஜாதகத்தை நீங்களா அனுப்புனீங்க?"

"ஆமா."

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல. இணைப்பு முழுசா இருக்கணும்ல."

இணைப்பு ஒன்று புகைப்படம், இரண்டு படிப்புச் சான்று, மூன்று ஜாதகம். பக்க எண் போட்டு, முகப்புக் கடிதத்தோடு, பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். இணைப்பு இல்லை என்று எத்தனையோ பேரின் மனுக்களைத் திருப்பியிருக்கிறேன். இருந்ததால் ஒன்று திரும்பியது இதுதான் முதல் தடவை.

அவள் கோபப்படவில்லை. "வேற யாருக்கும் இனிமே எதையும் அனுப்பாதீங்கப்பா," என்றாள்.

அவளுடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"எடுக்கலையா?"

"அவருதான். எடுத்து என்னத்தப் பேசுறது?"

போன் அடித்து ஓய்ந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு வருத்தம் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மனுக்களைத் திருப்பிய நாட்களிலும் வந்ததில்லை. போன்தான் மறுபடி அடித்தது.