பேப்பர் மண்ணுக்குள்ளே எத்தனை நாள்

“…தங்கம், எலும்பு, பானை எல்லாம் சரிங்க மிஸ், பேப்பர் இருந்தா? பேப்பர் மண்ணுக்குள்ள எத்தனை நாளைக்குத் தாங்கும்?”

கேட்டது மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்த பிள்ளை. பதினோராம் வகுப்பு. அதற்கு முன்னாலும் அவள்தான் மூன்று கேள்வி கேட்டிருந்தாள். எந்த இடத்தில் தோண்டுவது என்று எப்படித் தெரியும், மண் சரிந்து வந்தால் சாமான் இருந்த இடத்திலேயே இருக்குமா, தோண்டுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும். நான் மனதுக்குள் அவளை ஏற்கெனவே வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு மழைக்குக்கூடத் தாங்காதும்மா,” என்றேன். “நம்ம பக்கத்து மண் எப்பவும் ஈரம். பேப்பர் கஞ்சியாப் போயிரும். அதனாலதான் அந்தக் காலத்து ஆளுங்க கல்லுல எழுதினாங்க.”

வகுப்பு சிரித்தது. அவள் “சரிங்க மிஸ்” என்று உட்கார்ந்துகொண்டாள்.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. என்னென்ன தொழில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டும் நாள். ஒரு நர்ஸ், ஒரு வங்கி உத்தியோகத்தர், ஒரு பொலிஸ்காரர் என்று மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். பொலிஸ்காரர் வர முடியாது என்றுவிட்டார். அங்கே படிப்பிக்கிற டீச்சருக்கு மஹய்யாவவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளித்தான் வீடு. முதல் நாள் சாயந்தரமே வந்து, “ஒனக்கும் காக்கிச் சட்டை இருக்குதானே, நாளைக்குப் போட்டுக்கிட்டு வா,” என்றார். அப்படித்தான் நான் அன்றைக்குத் தொல்லியலின் பிரதிநிதி ஆனேன்.

நான் பட்டம் வாங்கியவள் இல்லை. நாட்கூலிக்குச் சல்லடை பிடிக்கப் போனவள். பிறகு பானை ஓட்டுத் துண்டுகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் கழுவக் கொடுத்தார்கள். கழுவக் கழுவ, எது முந்தியது எது பிந்தியது என்று கைக்குத் தெரிய ஆரம்பித்தது. சிங்களத்தில் எழுதிய அறிக்கைகளை அகராதியோடு பஸ்ஸில் படித்தேன். இப்போது ஒரு முழுக் குழியை என் பொறுப்பில் விடுகிறார்கள். எங்கள் தெருவில் இந்த வேலைக்குப் ‘படிச்ச குப்பை’ என்று பெயர். பெயர் வைத்தவர் முனிசிபல் துப்புரவு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா. “நாங்க அள்ளுனது நேத்துக் குப்பை, நீ அள்ளுறது முந்தாநாள் குப்பை. ஒன்னை மட்டும் போட்டோ புடிக்கிறாங்க.” இதைவிடச் சரியாக என் வேலையை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. குழியைப் பற்றிக் குறிப்பெழுதும் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இந்த மாதிரிப் பேச்சுகளை எழுதி வைப்பது என் வழக்கம். சில நாட்களில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் நல்ல கண்டுபிடிப்பு இருக்கும்.

பிள்ளைகளின் கேள்விகளும் அங்கேதான் இருக்கின்றன. தங்கம் கிடைத்ததா என்று ஒருவன் கேட்டான். ஒரு தடவை கிடைத்தது, அரை நாள் தங்கமாகவே இருந்தது, கழுவியதும் சட்டைப் பொத்தான் ஆகிவிட்டது என்றேன். பேய் வருமா? நாங்கள் எட்டு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு மூடிவிடுவோம், அதற்கு அந்த நேரம் சரிவராதுபோல. செத்தவர்களின் பானையைக் கிளறினால் அவர்கள் ஏச மாட்டார்களா? இதுவரைக்கும் ஏசியது உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழும்பி, “மிஸ், ஒங்க அம்மா ஒங்கள இந்த வேலைக்குப் போக வுட்டாங்களா?” என்றாள். இன்னும் விடவில்லை என்றேன். குறித்துக்கொண்டாள்.

கடைசியில் லேபிள்களை எடுத்தேன். மண்ணிலிருந்து எது வந்தாலும் நாங்கள் ஒரு பையில் போட்டு, கூடவே ஒரு லேபிள் வைப்போம். இடம், ஆழம், இலக்கம், பொருள், எடுத்தவர் என்று ஐந்து வரி. ஆளுக்கொன்று கொடுத்து, மேசையில் இருப்பதற்கு எழுதச் சொன்னேன். ஒருவன் தன் சோற்றுப் பெட்டிக்கு ஆழம் ‘மூன்று கரண்டி’ என்று எழுதினான். “இலக்கத்தை மட்டும் மறக்கக் கூடாது,” என்றேன். “இலக்கம் இல்லாட்டி எவ்வளவு பெரிய சாமானா இருந்தாலும் எங்களுக்குக் குப்பைதான்.” அதற்கும் சிரித்தார்கள். ஜன்னலோரப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கைதட்டல் கொஞ்சம் பலமாகவே கிடைத்தது. நர்ஸுக்குக்கூட அவ்வளவு இல்லை.

மணி அடித்த பிறகு டீச்சர் எனக்கு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். “அந்தப் புள்ள கேட்டதுக்கு நீ என்னா சொன்னேன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும், கஞ்சி என்று சொன்னேன் என்றேன். “ஆமா. அவ பொறந்த சேட்டிபிகேட்டைத்தான் கஞ்சின்னே.”

பிறகு உட்கார்ந்து சொன்னார். மழைக்காலத்தில் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்திட்டு இறங்கிக் கடைசி மூன்று காம்பராவையும் மூடிவிட்டது. ஆட்கள் எல்லாரும் முதல் நாளே பாடசாலை மண்டபத்துக்கு வந்துவிட்டதால் உயிருக்கு ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளையின் வீடு அதில் கடைசிக் காம்பரா. இப்போது வருஷக் கடைசிப் பரீட்சைக்கு ஐ.சி. என்கிற அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது மண்ணுக்குள்ளே. விண்ணப்பம் இந்த மாத முடிவுக்குள் போக வேண்டும்.

“புதுசா ஒரு பிரதி எடுக்கலாம்தானே?”

“எந்தப் பதிவுக் கந்தோர்ல? அவ ஆஸ்பத்திரிக்குப் போற வழியில லொறியிலயே பொறந்தவ. எந்தப் பக்கம் பதிஞ்சாங்கன்னு அப்பாவுக்கு ஞாபகம் இல்ல. அம்மா இப்ப உசிரோட இல்ல. ஒரு கந்தோர்ல கேட்டா மத்ததுல பாருங்கன்னு சொல்றாங்க. மத்ததுல கேட்டா இலக்கத்தக் கொண்டாங்கன்னு சொல்றாங்க.”

பாடசாலைக் கோப்பில் அதன் போட்டோ கொப்பி ஒன்று இருந்தது. சான்றிதழ் நீளம், கொப்பித் தாள் குட்டை. மேலே நாலு விரல் அகலம் விழவேயில்லை. பெயர் இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. பதிவுப் பிரிவும் இலக்கமும் அந்த விழாத நாலு விரலில்.

பிள்ளை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் நான் கொடுத்த லேபிள். எதுவும் எழுதியிருக்கவில்லை. “இலக்கம் இல்லாட்டி குப்பைன்னு சொன்னீங்கதானே மிஸ்,” என்றாள். “கந்தோர்லயும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அவங்க இவ்வளவு சிரிப்பா சொல்லல.”

குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

சனிக்கிழமை மறுபடி பஸ் ஏறினேன். ஆள் இருக்கக் கூடாது என்று லயத்தில் சிவப்பு அறிவித்தல் ஒட்டியிருந்தது. சில கிழமைகளாக மழை இல்லை, திட்டு காய்ந்திருந்தது, தோட்டத்துரையிடம் டீச்சர் அனுமதி வாங்கியிருந்தார். பகலிலேயே முடித்துவிட வேண்டும் என்ற பேச்சோடு. நான் சல்லடை, மேசன் கரண்டி, நூல், முளை எல்லாம் கொண்டுபோனேன். பிள்ளையின் அப்பா மம்பட்டியோடு காத்திருந்தார். அவர் இரண்டு தடவை ஏற்கெனவே தோண்டியிருந்தார். காம்பரா இருந்த இடத்தில் ஆளுயரக் குழி. ஓரம் நூல் பிடித்த மாதிரி நேர். எங்கள் குழிகளில் பாதிக்கு அந்த ஓரம் கிடையாது.

நான் குழியின் ஒரு மூலையில் உட்கார்ந்து கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“மிஸ், கோழி கெளறுற மாதிரி கெளறுறீங்களே. இந்தக் கணக்குக்கு இவ பேரப்புள்ளைக்குத்தான் ஐ.சி. வரும்.”

“அண்ணே, அவசரப்பட்டா ஒடைஞ்சு போகும்.”

“கஞ்சிதானே மிஸ் இருக்குது. கஞ்சி எப்படி ஒடையும்?”

வகுப்பில் நான் சொன்னது வீடு வரைக்கும் போயிருந்தது.

பிள்ளை அப்பியாசக் கொப்பியில் படம் போட்டு வைத்திருந்தாள். தண்ணீர் பிடிக்கும் பீலி மட்டும் மண்ணில் அகப்படாமல் நின்றதால், அங்கிருந்து எத்தனை எட்டில் முன்பக்க இஸ்தோப்பு, எத்தனை எட்டில் அடுப்பு என்று எழுதியிருந்தாள். நாங்களும் அசையாத ஒரு புள்ளியிலிருந்துதான் அளப்போம். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பா, நீங்க மொத ஞாயித்துக்கெழமை கேஸ் சிலிண்டரத்தானே எடுத்தீங்க?”

“ஆமா. சிலிண்டரு, குக்கரு, ரெண்டு சட்டி. அப்ப சேட்டிபிகேட் நெனைப்பே இல்ல. ஐ.சி. பாரம் வந்த பொறகுதானே அலுமாரியத் தேடினோம்.”

“சிலிண்டர் அலுமாரியோட ஒட்டித்தான் நின்னுச்சு. சிலிண்டர் வந்துருச்சுன்னா அலுமாரி எங்க?”

அப்பா மம்பட்டிப் பிடியில் கைவைத்தபடி யோசித்தார். “அலுமாரியக் கண்ணால பார்க்கல. ஒடைஞ்ச பலகை கொஞ்சம் வந்துச்சு. அத மண்ணோட தள்ளி வுட்டேன்.”

“எங்க அண்ணே?” என்றேன்.

“அந்தா.”

பீலிக்கு அந்தப் பக்கம் அவர் வெட்டிக் கொட்டிய மண் ஒரு லொறி அளவுக்குக் குவிந்து கிடந்தது. நான் காலையிலிருந்து அதில்தான் என் பையை வைத்திருந்தேன். சாப்பாட்டுப் பொட்டலமும் அதன்மேல்தான் இருந்தது. குழி தோண்டுகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது ஏற்கெனவே வெட்டிப் போட்ட மண்ணை. புது ஆட்களுக்கு இதை நான் முதல் நாளே சொல்லுவேன், கொஞ்சம் கண்டிப்பாகவும் சொல்லுவேன்.

“மிஸ்,” என்றாள் பிள்ளை, “கடைசியா வெட்டினது மேல இருக்கும். மொத ஞாயித்துக்கெழமை வெட்டினது அடியில இருக்கும்.”

“ஆமா,” என்றேன். வேறு சொல்வதற்கு அவள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

மேலிருந்து இறக்கினோம். அப்பா மண்ணை எடுக்க, நான் சலிக்க, அவள் சல்லடையில் தங்கியதைப் பொறுக்கினாள். வளையல் துண்டு, பாடசாலை பேட்ஜ் ஒன்று, பாதிக் கண்ணாடி, ஒரு சீப்பு. ஒவ்வொன்றுக்கும் அப்பா, “இது இங்கயா கெடந்துச்சு,” என்றார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பலகை வர ஆரம்பித்தது. மூன்றாவது பலகையில் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. உண்மையில் அது தாள் இல்லை, கஞ்சி. அந்த அளவுக்கு நான் சொன்னது சரி. கரண்டி முனையால் அதை ஒதுக்கியபோது அடியில் ஏதோ பளபளத்தது.

பிளாஸ்டிக்.

“அண்ணே, இது லேமினேட் பண்ணினதா?”

அவர் மம்பட்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கிற நேரம், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று டவுனில் கொடுத்து லேமினேட் பண்ணிக்கொண்டு ஒரு கந்தோருக்குப் போயிருக்கிறார். “அங்க இருந்த கிளார்க் நோனா நல்லா ஏசிட்டாங்க மிஸ். ‘யாரு ஒங்கள இப்படிப் பண்ணச் சொன்னது, இது செல்லாது, உரிச்சிட்டு வாங்க’ன்னாங்க. வீட்டுல வந்து கத்தியால கீழ் ஓரத்தக் கெளப்பிப் பார்த்தேன். கிழியிற மாதிரி இருந்துச்சு. வுட்டுட்டேன். பொறகு யார் கண்ணுலயும் படாம அடித்தட்டுத் தாளுக்குக் கீழ வச்சுட்டேன்.”

“எனக்குச் சொல்லவே இல்லையே அப்பா.”

“நீ கேக்கலையே. லேமினேட் பண்ணக் கூடாதாம், அதப் போய் யாருக்குச் சொல்றது?”

நானும் கேட்கவில்லை. என்ன பேப்பர், எதில் சுற்றி, எங்கே வைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம். ஓட்டுத் துண்டு கிடைத்தால்கூட நான் ஐந்து கேள்வி கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

அவர் கத்தி வைத்த கீழ் ஓரத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. கீழ்ப்பாதி பழுப்புக் கூழ். பெயர் போய்விட்டது, கையெழுத்து போய்விட்டது. பீலித் தண்ணீரில் மேல்பக்கத்தை மெதுவாகக் கழுவினேன், பானை ஓட்டைக் கழுவுகிற அதே டூத்பிரஷ்ஷால். பதிவுப் பிரிவு தெரிந்தது. இலக்கம் தெரிந்தது. போட்டோ கொப்பியில் விழாத அந்த நாலு விரல் அப்படியே இருந்தது. மிச்சம் பாடசாலைக் கோப்பில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு முழுப் பிள்ளை.

அவள் இலக்கத்தை வாய்விட்டு வாசித்தாள். அப்பாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவர் ஓர் இடத்தில் பிழைவிட்டார். மறுபடி சொல்ல வைத்தாள்.

“அந்த நோனா இப்பவும் அங்கதான் இருப்பாங்க,” என்றார் அப்பா. “மறுபடி ஏசுவாங்க.”

“ஏசட்டும். இலக்கத்த எழுதிக்கிட்டு ஏசட்டும்.”

பிறகு என் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வாங்கிச் சான்றிதழை அதில் போட்டாள். சட்டைப் பையிலிருந்து பாடசாலையில் நான் கொடுத்த லேபிளை எடுத்தாள், இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. முழங்காலில் வைத்து எழுதினாள். இடம்: கடைசிக் காம்பரா. ஆழம் என்ற வரியில் கொஞ்சம் யோசித்து, ‘குவியலின் அடி’ என்று எழுதினாள். இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். பொருள்: பேப்பர். எடுத்தவர் என்ற வரியில் எங்கள் மூன்று பேரின் பெயரும். வரி முடிந்துவிட்டது. அதற்குக் கீழே, லேபிளில் இல்லாத ஆறாவது வரி ஒன்றைத் தானே கோடு போட்டு உண்டாக்கி, ‘மண்ணுக்குள்ளே இருந்தது: நூற்று மூன்று நாள்’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவோடு என்னிடம் நீட்டினாள்.