அப்பா சுற்றிக் கொடுத்த காயில்

சித்தப்பாவின் ஆம்ப்ளிஃபயரைக் கெடுத்தது நான்தான். இதை இதுவரை இரண்டே பேரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒருவர் சித்தப்பா. இன்னொருவர், போன வருடம் பெங்களூரில் அதைப் பிரித்துப் பார்த்த ரிப்பேர்காரர். அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டே இருந்ததில் அப்பா போய்விட்டார்.

கணபதி என்கிற பகுதியில் எங்கள் வீடு மாடியில். கீழே அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடை. கிணத்துக்கடவிலிருந்தும் காரமடையிலிருந்தும் கருகிப்போன போர்வெல் மோட்டார்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். அப்பா மோட்டாரைத் திறப்பதற்கு முன்பே முகர்ந்து பார்த்து, எந்தக் காயில், அதாவது எந்தக் கம்பிச்சுருள், போயிருக்கிறது என்று சொல்வார். பத்துக்கு எட்டு முறை சரியாக இருக்கும். மீதி இரண்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். அவர் சுற்றும் கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக, கோலம் போட்டதுபோல் படுத்திருக்கும். அந்தச் சுத்தத்துக்காகவே வேறு ஊர்க் கடைக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கு அதில் கர்வம் உண்டு. வேறு எதிலும் அவருக்குக் கர்வம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

சித்தப்பா அப்பாவைவிடப் பதினான்கு வயது இளையவர். இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, திடீரென்று ஒருநாள் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். கையில் ஒரு கிடார். கூடவே, இரண்டு ஆள் பிடித்து மாடியேற்ற வேண்டியிருந்த ஓர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் தனியாக ஒரு ஸ்பீக்கரும். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து அதை வாங்கியிருந்தார். எங்கோ ஒரு நாட்டில் ஒரே ஓர் ஆள், தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, வருடத்துக்குச் சில பெட்டிகள் மட்டும் கையால் செய்கிறாராம். உள்ளே தகரத்தில் பென்சிலால் அவருடைய கையெழுத்து இருந்தது. சித்தப்பா அதை எனக்கு டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே மட்டும் கை வைக்கக் கூடாது, உயிர் போய்விடும் என்றும் சொல்லி வைத்தார். பின்பக்கத்து ஒயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குள் இருந்தவை கண்ணாடிக் குழல் வால்வுகள். அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். தன் தகப்பனார் காலத்து ரேடியோவில் இருந்த சாமான், உலகமே தூக்கி எறிந்த பிறகு இவன் விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறான் என்றார். மற்றபடி ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஆடி வரைக்கும் பார், அதற்குள் கிடாரில் ஒரு வழி பிறக்காவிட்டால் பம்பு கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறேன், போய்ச் சேர்ந்துகொள் என்றார். சித்தப்பாவும் சரிங்கண்ணா என்றார். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. அதுதான் எங்கள் வீட்டின் சங்கடமே என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெட்டியின் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கம்பியை விரலால் மெதுவாகத் தொட்டால் தெளிவாகப் பேசும். ஓங்கி அடித்தால் தொண்டை கரகரத்து, அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று வரும். அம்மாவுக்கு அது சளி பிடித்த குரல். எனக்கு அந்தக் கரகரப்பு உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் சித்தப்பாவின் அறையில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

நான் ஐந்தாவது முழுப்பரீட்சை எழுதி முடித்த சமயம், கொச்சியிலிருந்து ஓர் இசையமைப்பாளர் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். சித்தப்பா பதிவு செய்து அனுப்பியிருந்ததைக் கேட்டிருக்கிறார். இதே சத்தம்தான் வேண்டும், அந்தப் பெட்டியோடு கிளம்பி வா, சரியாக இருந்தால் தொடர்ந்து வேலை இருக்கிறது என்று சொன்னாராம். கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. சித்தப்பா அன்று அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த நாளே எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். துக்கம் விழுந்தால் எங்கள் வீதியில் யாரும் டி.வி. போட மாட்டார்கள். அப்பா கடையில் மோட்டார் ஓட்டிப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார். சித்தப்பா நாற்காலி இறக்கவும் பந்தல் கட்டவும் எதிர்வீட்டுக்கு ஓடினார். ஓடுகிற அவசரத்தில் பெட்டியை அணைக்க மறந்துவிட்டார். கிடார் ஸ்பீக்கர்மேல் சாய்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே உறுமத் தொடங்கி, உறுமல் ஊளையாகிவிட்டது. எதிரே பிணத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும். முன்பக்கம் இருந்த ஏழெட்டுத் திருகுகளில் எதைத் திருப்புவது என்று தெரியாமல், பின்னால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது.

அத்தோடு விட்டிருக்கலாம். சத்தம் வராது என்று தெரிந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கிடாரை மடியில் போட்டுக்கொண்டு, சித்தப்பா அடிப்பதுபோலவே ஓங்கி ஓங்கி அடித்தேன். யாருக்கும் கேட்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து மட்டும் நான் அடிக்க அடிக்க எறும்பு பாடுவதுபோல் மெல்லிய ஒரு சத்தம் வந்தது. எனக்கு மட்டும் பாடுகிறது என்று பூரித்துப்போனேன். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அந்த வகைப் பெட்டியின் காயில் எரிந்துவிடும் என்று பத்து வயதுப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள். கடையில் தினமும் முகர்ந்த வாசனை மாடியில் வந்தபோதுதான் புரிந்தது. காயில் கருகும் வாசனை எனக்கும் தெரியும்.

சித்தப்பா வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெட்டியைக் கவிழ்த்து முகர்ந்து பார்த்தார். பிறகு என் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"அப்பாகிட்டச் சொல்லிப்போடாதே கண்ணு. கரண்டு ஏறி எறங்கிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்துகொண்டு அப்படியே கொச்சி போய்விடலாம் என்பதுதான் அவர் திட்டம். ஆனால் போனது காயில் என்று தெரிந்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. காயில் சுற்ற நம் வீட்டிலிருந்து ஒருத்தன் பெங்களூர் போவதா என்றார். அன்று மாலையே பெட்டி கீழே கடைக்கு இறங்கியது.

அப்பா நாலு நாள் வேறு வேலையே செய்யவில்லை. பங்குனி வெயில். தென்னைக்குத் தண்ணீர் இல்லாமல் மோட்டாருக்காகக் காத்திருந்தவர்கள் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தம்பி வேலை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பெட்டிக்குள் காயில் சுற்றியிருந்த டிரான்ஸ்பார்மரின் கம்பி தலைமுடி கனம்தான் இருந்தது. போர் மோட்டார் கம்பிக்குப் பழகிய விரல்களில் அது இரண்டு முறை அறுந்தது. கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். சித்தப்பா ஒரு பாட்டை முழுதாக வாசித்து அப்பா கேட்டதில்லை. அந்த அப்பாதான் நாலு நாள் அப்படி உட்கார்ந்திருந்தார். அதை நான் அப்போது வெறும் பிடிவாதம் என்று நினைத்தேன்.

பழைய காயிலைப் பிரிக்கும்போது சுற்றுகளை ஒன்று விடாமல் எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார். எண்ணிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திச் சித்தப்பாவைக் கூப்பிட்டார். உள்ளே கொஞ்சம் மெல்லிய கம்பி, அதன்மேல் கொஞ்சம் தடித்த கம்பி, மறுபடி மெல்லியது, மறுபடி தடித்தது என்று அடுக்கடுக்காக மாறி மாறி வந்தது.

"யாரோ மனசு ஒரு எடத்துல இல்லாம சுத்தியிருக்கான் பாரு தம்பி" என்றார் அப்பா.

சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அது இருந்த மாதிரியே சுத்திட்டா நல்லா இருக்குமுங்களாண்ணா?"

"அவன் பண்ணுன தப்ப நானும் பண்றதா?"

அப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சித்தப்பாவும் சிரித்தார். இரண்டாம் முறை அவர் அதைச் சொல்லவில்லை. அண்ணன் ஒன்றைச் செய்யும்போது இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா மெல்லிய கம்பி முழுவதையும் உள்ளே சுற்றி, தடித்த கம்பி முழுவதையும் அதன்மேல் சுற்றி, வார்னிஷில் முக்கி, சூளையில் காயவைத்து எடுத்தார். புது நகைபோல் இருந்தது. பழைய கம்பி எடைக்குப் போகும் சாக்கில் விழுந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கடையிலேயே பரீட்சை. வேலையாட்கள், வாசலில் காத்திருந்த விவசாயிகள், அம்மா எல்லோரும் கூடிவிட்டார்கள். அப்பா எந்த மோட்டாரையும் முதலில் ஒரு குண்டு பல்பு வழியாகத்தான் கரண்டில் போடுவார். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் உள்ளே கோளாறு. மங்கினால் சரி. அன்றும் பல்பு ஒருகணம் எரிந்து, மெல்ல மங்கியது. பெட்டிக்குள் வால்வுகள் செம்மண் நிறத்தில் ஒளிர்ந்தன. அப்பா பெருமூச்சு விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

சித்தப்பா கிடாரைச் சொருகி மெதுவாகத் தொட்டார். சத்தம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவர் ஓங்கி அடித்தார்.

கரகரப்பு வரவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ உள்ளே பேசுவதுபோல் இருந்தது. சித்தப்பா ஒரு திருகைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். எல்லாத் திருகுகளையும் கடைசி வரை திருப்பிவிட்டு மறுபடி அடித்தார். அதே கம்பளி.

"அந்தக் கரகரப்பு போயிருச்சு பாத்தியா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எப்படி இருக்குது தம்பி?"

சித்தப்பா கிடாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"அருமையா இருக்குதுங்கண்ணா."

அப்பாவுக்கு அது போதவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு அம்மணி. நீதானே தெனமும் கேக்குறவ."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் யாருக்கும் தெரியாமல் தலையசைத்தார். என் குற்றம் மறைந்துபோக இதுதான் வழி என்று எனக்குப் பட்டது. முன்னைவிட இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

கொச்சியில் தேதி தள்ளிப்போய்விட்டது என்று சித்தப்பா சொன்னார். பிறகு, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்றார். ஆடி பிறந்ததும் பம்பு கம்பெனியில் சேர்ந்தார். கல்யாணம் ஆனது, தனிக்குடித்தனம் போனார். பெட்டி மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு அப்பா அதில் மைக்கை மாட்டி, வந்தவர்களை வரவேற்றுப் பேசுவார். வெளிநாட்டுச் சாமான், உள்ளே இருப்பது நான் சுற்றிய காயில் என்று சொல்லாமல் விடமாட்டார். வருடா வருடம் சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவார்.

அப்பாவின் கருமாதிக்கு வந்தவர்களிடமும் சித்தப்பா அந்தக் காயில் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து, அதன் நிலைமை என்ன என்று தெரிந்துகொள்ளப் பெட்டியைப் பெங்களூருக்கு எடுத்துப் போனேன். ரிப்பேர்காரர் என்னைவிட இளையவர். பென்சில் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு வாசித்துப் பார்த்து முகம் சுளித்தார். டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வெகுநேரம் அளந்தார். இவ்வளவு சுத்தமாகச் சுற்றியதை நான் பார்த்ததே இல்லை, எண்ணிக்கையும் அச்சாக இருக்கிறது, ஆனால் அடுக்கு மாற்றிச் சுற்றவில்லை, அதனால் கூர்மையான சத்தமெல்லாம் உள்ளேயே அடங்கிவிடுகிறது என்றார். இப்படியே இருந்தால் இது அழகான வெறும் பெட்டி, இதைப் பிரித்துச் சுற்றினால் பழைய சத்தம் அப்படியே வந்துவிடும், இரண்டு நாள் போதும் என்றார். வாசித்தவருக்கு அப்போதே தெரிந்திருக்குமே என்றும் கேட்டார்.

அங்கிருந்தே சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வேண்டாம் அம்மணி. அண்ணன் சுத்துனதைப் பிரிக்க வேண்டாம்."

பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் அழுததை ரிப்பேர்காரர் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

அந்த ஐந்தாம் நாள், கடையில் பரீட்சை முடிந்து எல்லோரும் போன பிறகு, சித்தப்பா அறையில் தரையில் உட்கார்ந்து கிடாரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, அதன் முறுக்கைத் திருகித் தளர்த்தினார். ஏன் சித்தப்பா என்று கேட்டேன். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் கண்ணு என்றார். கடைசிக் கம்பியை நான்தான் தளர்த்துவேன் என்று அடம்பிடித்தேன். சரி என்று கிடாரை என் மடியில் வைத்தார். கம்பி தொளதொளவென்று தொங்கும் வரை திருகினேன். இழுத்துவிட்டால் அது கொழுக்கட்டை மாவுபோல் தொய்ந்து விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். பிறகு கிடாரை அதன் உறைப்பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினார்.

கொச்சிக்குப் போகும் வழியில் கம்பி அறுந்துவிடக் கூடாது என்றுதான் தளர்த்தி வைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.