இரண்டு முறை அழுத்தினால்

எங்கள் நாடகக் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. மேடைச் சண்டையில் யாருக்காவது நிஜமாகவே வலித்தால், தன்னைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்துவார். மற்றவர் உடனே பிடியைத் தளர்த்திவிட வேண்டும். பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது, சண்டை அது பாட்டுக்கு நடக்கும். இருபது வருடங்களில் அந்த அழுத்தத்தை நான் ஒருமுறைகூட அலட்சியம் செய்ததில்லை. இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் அந்தப் படத்தை எடுத்தார்கள். அடிதடிப் படம், ஆனால் அடிக்கவும் உதை வாங்கவும் தொழில் தெரிந்த ஆட்களை வைக்க வசதியில்லாத படம். ஒரே கேமரா, அதுவும் வாடகை. சண்டை சொல்லித்தர வந்தவர் குன்னூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கராத்தே கற்றுக்கொடுப்பவர். இயக்குநர் கோவையில் என் நாடகத்தைப் பார்த்துவிட்டு, "சார், உங்க குரலுக்குன்னே ஒரு வில்லன் எழுதியிருக்கேன்" என்றார். அது போதும் எனக்கு. சினிமாக்காரர்களை எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன்! கூப்பிட்டதும் பல்லை இளித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

படத்தில் என்னிடம் அடிவாங்க வந்தவர் அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுபவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். இவர் பிறந்தது இங்கே, தோட்டம் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயன் வீட்டில். அந்த வீடும் வேலை இருக்கும்வரைதான். அன்று காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். "சினிமான்னு சொன்னா மேஸ்திரி விடமாட்டாருங்ணா" என்றார். கவாத்துக் கத்தி வீசி வீசி அவருடைய வலது தோள் இடதைவிடத் திரண்டிருந்தது.

வலித்தால் தரையைத் தட்டுங்கள் என்று கராத்தே மாஸ்டர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தரையைத் தட்டினா கேமராவுல தெரியும் மாஸ்டர். நாங்க மேடையில செய்யற மாதிரி செய்வோம்" என்று குறுக்கே புகுந்தேன். கவாத்துக்காரரின் மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து இரண்டு முறை அழுத்திக் காட்டினேன். பிறகு அவர் என் கையில் அழுத்திப் பார்த்தார். விட்டேன். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை அழுத்தினார். மறுபடி விட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஜீப்புக்கு பிரேக் மாதிரிங்களாண்ணா?"

"பிரேக்கேதான். நீங்க மிதிச்சா நான் நின்னுருவேன்."

காட்சி இதுதான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவருடைய வலது கையை முதுகுப் பக்கம் முறுக்கி, மண்டியிட வைத்து, நான் வசனம் பேச வேண்டும். அவருடைய இடது கை பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். முதல் டேக்கை மூடுபனி வந்து கெடுத்தது. இரண்டாவதில் வசனத்தை நானே குளறினேன். மூன்றாவதில் எல்லாம் கூடி வந்தது. நான் வாயைத் திறந்த நேரத்தில் ஈர மண்ணில் அவர் முழங்கால் வழுக்கியது. உடம்பு கீழே போனது. முறுக்கிய கை என்னிடமே இருந்தது.

கட்டைவிரல் அழுத்தியது. ஒன்று, இரண்டு. சந்தேகத்துக்கே இடமில்லை.

வசனம் நான்கு வாக்கியம். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திப் பேசுவது என் பாணி. கேமரா என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவ்வளவு பக்கத்திலிருந்து என்னை யாரும் எதுவும் பார்த்ததில்லை. நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. நான்கு வாக்கியத்தையும் பேசினேன். நிறுத்த வேண்டிய இரண்டு இடத்திலும் நிறுத்தினேன். இரண்டாவது நிறுத்தத்தில் அவர் மறுபடியும் அழுத்தினார். "கட்" என்ற சத்தம் கேட்ட பிறகுதான் கையை விட்டேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. தோள் மூட்டு கழன்றிருந்தது.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, முகமெல்லாம் வேர்த்திருக்க, "டேக் ஓகேங்களாண்ணா?" என்று கேட்டார். ஓகே என்றேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடமெல்லாம் கால் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அதில் பொய் இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைக் கூசவைக்கிறது. காய்ச்சல் என்று லீவு சொன்னவர் ஷூட்டிங்கில் அடிபட்டதைச் சொல்ல முடியுமா? லயன் படிக்கட்டில் விழுந்ததாகத் தோட்டத்தில் சொல்லிக்கொண்டார்.

படம் முடிந்து, முதலில் எங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். திரை நிறைய என் முகம். கீழே ஓரத்தில் அந்தக் கட்டைவிரல். இரண்டு முறை. பிறகு இரண்டு முறை. பிறகு கணக்கே இல்லாமல். "அந்தக் கை நடிப்பு பிரமாதம் சார்" என்றார் பக்கத்தில் இருந்த இயக்குநர். என் நடிப்பை நான் பார்க்கவே இல்லை.

படம் செல்போனில் பார்க்கும்படி வெளிவந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரம்பாடிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். வழி நெடுக பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன், வசனம் மாதிரி. அதற்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அவர் லயன் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. கவாத்துக்கு இனி ஆகாது என்று, நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் போட்டிருந்தார்கள். "அதும் எத்தன நாளைக்குத் தருவாங்களோ தெரியலைங்ணா. வேலை இல்லைன்னா ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க" என்றார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"படத்தைப் பாத்ததுல இருந்து இவளுக்கும் எனக்கும் ஒரே சண்டைங்ணா. நீ அமுக்கறது இத்தன நல்லா தெரியுதே, அவருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்ங்கறா. அன்னிக்கு இருந்த குளிருக்கு அவரு கை மரத்துப் போயிருக்கும், தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாருன்னு நான் சொல்றேன். அப்படித்தானுங்களே?"

பஸ்ஸில் பார்த்த ஒத்திகை முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது.

"ஆமா" என்றேன். "மரத்துப் போச்சு."

"நான் சொல்லல?" என்று அவர் மனைவி பக்கம் திரும்பினார். அந்தம்மா தேநீர் டம்ளரைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.