டவர் கிடைக்கும் பாறை

மலையை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தவள் என் மனைவி. பள்ளிக்கூட வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும், படவேட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கே போய்விடலாம் என்றேன். "அங்க இன்னா கீது? வெக்கையில கெடந்து வேவறதுக்கா?" என்று என் வாயை அடைத்துவிட்டாள். அப்படிப்பட்டவள்தான் இந்த வருஷம் ஆனியில் பெங்களூருக்கு இறங்கிப் போனாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தீபாவளிக்குள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள், வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஜவ்வாது மலையில் நானும் அவள் வளர்த்த இரண்டு நாய்களும்தான் மிச்சம்.

நாய்கள் என் பேச்சைக் கேட்பதே இல்லை. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. கூப்பிடுவதும் அப்படித்தான். கஞ்சி ஊற்றுகிறவன் நான். ஆனாலும் நான் கூப்பிட்டால், இவன் யாரைக் கூப்பிடுகிறான் என்பது போல அக்கம்பக்கம் பார்க்கும். காலையில் மட்டும் எங்கள் மூவருக்கும் ஒத்துப்போகும். ஊருக்குள் செல்போனுக்கு டவர் கிடைக்காது. புளியமரங்களைத் தாண்டி மேலே ஏறினால் ஒரு மொட்டைப் பாறை உண்டு, அங்கேதான் கிடைக்கும். பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு அவள் கூப்பிடுவாள். அதற்குள் நாங்கள் பாறையில் இருந்தாக வேண்டும்.

ஐப்பசி மழை அன்றைக்கு விட்டிருந்தது. பள்ளத்தில் பனி இன்னும் கலையவில்லை. அமிர்தி பக்கத்துக் காடே கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் மட்டும் மங்கலாக, சூடில்லாமல், புல்லின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இந்த வெயிலுக்காகத்தான் அவள் இந்த மலையில் இருந்தாள். இரண்டு டம்ளர் டீயோடு வாசலுக்கு வந்து, "வாங்க, வெயில் வந்துடுச்சி" என்பாள், ஏதோ சொந்தக்காரர் வந்து நிற்கிற மாதிரி. எனக்கு வெயிலெல்லாம் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. இப்போது அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. யாரைப் பார்க்க வருகிறது இது?

வழியில் சாமை அறுத்துக்கொண்டிருந்த பக்கத்து நிலத்து அம்மாள் நிமிர்ந்தார்.

"அம்மா எப்ப சார் வர்றாங்க?"

"தீபாவளிக்கு."

"நெலாவே தேஞ்சிப் போச்சே சார். இன்னும் கொஞ்ச நாள்தான் கீது."

"அது எனக்குத் தெரியாதா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தேன். தினமும் இதே கேள்வி. அவர் கேட்காத நாளில் எனக்குப் பொழுதே போகாது என்பது வேறு விஷயம்.

செவலை உண்ணிச்செடிப் புதருக்குள் மூக்கை நுழைத்து நேரத்தைக் கடத்தியது. அதட்டி இழுத்துக்கொண்டு பாறையில் ஏறவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. எடுத்ததும் என்னிடம் அவள் பேசமாட்டாள்.

"ஸ்பீக்கர்ல போடுங்க. இன்னாடா கறுப்பு, கஞ்சி குடிச்சியா?"

கறுப்பு காதை நிமிர்த்தியது. பாறையிலிருந்து குதித்து, பஸ் நிற்கும் வளைவை நோக்கி ஓடியது. தினமும் இந்தக் கூத்துதான். அவள் குரல் கேட்டால் அவள் வந்து இறங்கிவிட்டாள் என்று அதற்கு எண்ணம். அதற்கு அறிவு கிடையாது. எனக்கு இருக்கிறது, அதனால் நான் ஓடுவதில்லை.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சி."

"இன்னா சாப்ட்டீங்க?"

"ஏதோ சாப்ட்டேன்."

"ஒண்ணு சொல்லணுங்க. கோவிச்சிக்காதீங்க. பொண்ணு முழுகாம இருக்குது."

"அடடே, நல்ல விஷயம்தானே" என்றேன். மனசார சந்தோஷப்பட்டேன். மற்றதெல்லாம் அப்புறம்தான் உறைத்தது. இனி பிரசவம், அதற்குப் பிறகு கைக்குழந்தை, அது நடக்கிற வரைக்கும்...

"அப்ப தீபாவளிக்கு?"

"ஓயாம வாந்தி எடுக்குது. எப்புடி வுட்டுட்டு வர்றது? நீங்க இங்க வந்துடுங்களேன்."

"நான் எங்க வர்றது? நம்ம நெலத்துல சாமை அறுக்காம கெடக்குது. இதுங்கள யாரு பாத்துப்பாங்க? நீ இருந்து அவள பாத்துக்க. எனக்கு இங்க இன்னா கொறச்சல்?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாய்ங்கதான் ஏங்குதுங்க."

"நாய்ங்க மட்டுந்தானா?"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் கூசாமல் காட்டியது கோபம் ஒன்றைத்தான். வளைவு வரை போன கறுப்பு திரும்பி வந்து, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றது.

"இல்ல" என்றேன். "நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடல. வூடு வூடு மாதிரியே இல்ல. எனக்கு உன்ன பாக்கணும்."

டவர் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. போனில் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. மூன்று விசிலுக்கு மேல் போனால் பருப்பு குழைந்துவிடும் என்று கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவள் அவள்.

"குக்கர் கத்துது பாரு" என்றேன்.

"கத்தட்டும்" என்றாள். "நீங்க வெச்சிடாதீங்க."

நான் பாறையில் உட்கார்ந்தேன். நாலாவது விசில் வந்தது. அதற்கப்புறமும் வந்தது. அவள் எழுந்து போகவில்லை.